தகரம் அடங்கும் வரை

விருது வாங்கிய மறுநாள் காலை, நான்கு வருடங்களுக்குப் பிறகு நித்திலா ஒரு பேருந்தில் ஏறினாள். ஏறிய ஐந்தாவது நிமிடத்தில், அந்த விருது பொய் என்று அவளுடைய வலது கையே அவளுக்குச் சொல்லிவிட்டது.

வண்டி எண் தொண்ணூற்றெட்டு. மணலியிலிருந்து, ஊரார் பாரிஸ் என்று சொல்லும் பாரிமுனை வரை. ஓட்டுநரும் நடத்துநரும் இல்லாமல் பேருந்துகள் தாமாகவே ஓடத் தொடங்கி ஏழு வருடங்கள் ஆகியிருந்தன. ஏறும்போதே கதவு கட்டணத்தை எடுத்துக்கொள்ளும். அதன்பிறகு இறங்கும்வரை யாரும் யாரையும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். கேட்பதற்கு ஆளில்லாத அந்த வண்டிகளுக்குத்தான் நித்திலா ஒரு கம்பியைக் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தாள். தலைக்கு மேலே நீளமாக ஓடும் கைப்பிடிக் கம்பி. அதைப் பற்றும் உள்ளங்கையின் வியர்வை, நாடித்துடிப்பு, விரல்களின் இறுக்கம் இவற்றை வைத்து அது பயத்தைக் கண்டுகொள்ளும். வண்டி குலுங்கும்போது இறுகும் கைக்கும், பின்னால் நிற்பவனுக்குப் பயந்து இறுகும் கைக்கும் உள்ள வித்தியாசம் அதற்குத் தெரியும். அந்த வித்தியாசத்தைக் கற்றுக்கொடுக்க அவளுக்கு மூன்று வருடம் பிடித்தது. பயம் தெரிந்ததும் வண்டி ஓரங்கட்டி நிற்கும். கதவுகள் பூட்டிக்கொள்ளும். பயந்த கைக்கு நேர்மேலே சிவப்பு விளக்கு எரியும். போலீஸ் வரும். ஒரே வருடத்தில் நகரப் பேருந்துகளில் பெண்களின் பயம் எண்பத்தொரு சதவீதம் குறைந்துவிட்டது என்றார்கள். அதற்குத்தான் விருது.

பயமில்லாத பேருந்து எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆசை அவளுக்கு. அலுவலகக் காரை வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். கூட்டம் அவளை நடுவே தள்ளியது. கை மேலே போனது. போகிற வழியிலேயே துப்பட்டாவின் நுனியை இழுத்து, இரண்டாக மடித்து, அதைக் கம்பிமேல் போட்டு, அதன்மேல் பற்றிக்கொண்டது. இதையெல்லாம் அவள் செய்யவில்லை. கைதான் செய்தது. நிமிர்ந்து பார்த்தபிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

கம்பியின் நீளத்துக்குப் பார்த்தாள். சேலைத் தலைப்புகள். கைக்குட்டைகள். மணிக்கட்டுக்குக் கீழே இழுத்துவிடப்பட்ட சட்டைக் கைகள். ஒரு பெண் சாப்பாட்டுப் பையின் காதைக் கம்பியில் மாட்டி, அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வெறுங்கையோடு கம்பியைத் தொட்டவர்கள் எல்லாரும் ஆண்கள்.

"புதுசா?" என்றாள் பக்கத்தில் நின்றவள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் தையல் கம்பெனி அடையாள அட்டை. பெயர் குமுதா என்றிருந்தது.

"ஏங்க எல்லாரும் துணி சுத்திப் பிடிச்சிருக்கீங்க?"

"நீயும்தான சுத்திகினு கீற? வெறுங்கையால புடிச்சா பஸ்ஸு நின்னுரும்மா." குமுதா தாழ்ந்த குரலில் சொன்னாள். "போன வருசம் ஒரு எருமை என் மேல சாஞ்சான். நான் வாயத் தொறக்கல. பஸ்ஸு நின்னுச்சு. என் தலைக்கு மேல செகப்பு லைட்டு. இருவது நிமிசம் மொத்த பஸ்ஸும் என்னியவே மொறைக்குது. அந்த எருமதான் மொதல்ல கேட்டான், 'யாரும்மா அது பஸ்ஸ நிறுத்துனது, வேலைக்குப் போவ வேணாமா'ன்னு! அப்பலேர்ந்து துணிதான். இந்தக் கம்பியக் கண்டுபுடிச்ச மகராசன் மட்டும் என் கையில கெடைக்கட்டும்."

"மகராசி," என்றாள் நித்திலா.

"இன்னா?"

"மகராசன் இல்லீங்க. நான்தான்."

குமுதா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு துணி சுற்றிய அவள் கையைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள் பாரிமுனை வரை நிறுத்தவில்லை.

*

"பயம் குறையல சார். கை குறைஞ்சிருக்கு," என்றாள் நித்திலா.

பேருந்து நிறுவனத்தின் இணை இயக்குநர் கோதண்டராமன் நல்ல மனிதர். முந்தின நாள் மேடையில் அவளுக்கு முதலில் கைதட்டியவர் அவர்தான். "விருது கொடுத்து இருபத்துநாலு மணி நேரம் ஆகலியேம்மா," என்றார் பரிதாபமாக. "அடுத்து இதே கம்பியை மின்ரயில்ல போடப்போறோம். கையெழுத்து மட்டும்தான் பாக்கி."

"அங்கயும் துணி சுத்துவாங்க. நமக்கு அது தெரியாமலே இன்னொரு விருது கொடுப்பாங்க."

கடைசியில் ஒரே ஒரு வண்டியைக் கொடுத்தார். அவள் ஏறிய அதே தொண்ணூற்றெட்டு. அறுபது நாள். அதற்குள் வேறு வழியில் பயத்தைக் குறைத்துக் காட்டவேண்டும். முடியாவிட்டால் சிவப்பு விளக்கு ரயிலுக்கும் போகும்.

அன்றைக்கே அந்த வண்டியின் சிவப்பு விளக்கையும் நின்றுபோகும் வித்தையையும் நித்திலா பிடுங்கிப் போட்டாள். 'இந்தப் பேருந்து உங்களுக்காக நிற்காது' என்று கதவருகே எழுதி ஒட்டினாள். எழுதும்போது அது எவ்வளவு வினோதமான வாக்குறுதி என்று தோன்றியது. ஆனால் இனி கம்பி யாரிடம் போய்ச் சொல்லும்? போலீஸிடம் சொன்னால் பழைய கதை. பயணிகளிடம் சொன்னால் எல்லாரும் பயந்தவளைத்தான் பார்ப்பார்கள்.

வழியைக் குமுதாதான் காட்டினாள், வைதுகொண்டே. "இந்த பஸ்ஸுல தெனம் வர்றவங்க யாரு? நாங்க. அப்பறம் அந்தப் பின்னாடி சீட்டு தறுதலைங்க. மத்தவன்லாம் இன்னிக்கு வருவான், நாளிக்கு இருக்கமாட்டான்."

பின்னிருக்கைக் கூட்டம் தண்டையார்பேட்டையில் ஏறும் கல்லூரிப் பையன்கள். இருபது பேர். அந்தத் தடமே தங்களுடையது என்று நினைப்பு. கூட்டத்துக்கு ஒரு 'தலை' உண்டு. அவன் பெயர் டில்லிபாபு, வரலாறு இரண்டாம் வருடம். தாளம் போட்டுக் கானா பாடுவதுதான் அவர்களுக்கு உயிர். ஆனால் புதிய வண்டிகளின் சுவர் ஏதோ பஞ்சுபோன்ற பொருள். எவ்வளவு ஓங்கி அடித்தாலும் தலையணையில் அடித்ததுபோல் இருக்கும். வெறும் கையைத் தட்டிக்கொண்டு பாடுவார்கள்.

கல்லூரி வாசல் டீக்கடையில் அவனைப் பிடித்தாள்.

"இன்னா மேடம், மப்டில போலீஸா?"

"இல்ல. உங்ககிட்ட ஒரு உதவி."

எல்லாவற்றையும் சொன்னாள். பயம் எங்கே என்று கம்பி சொல்லும், யாரால் என்று சொல்லாது, அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றாள். டில்லிபாபு டீயை ஊதி ஊதிக் குடித்தான். அவனருகில் நின்ற கிஷோர்தான் கூட்டத்தின் பாடகன். நல்ல உயரம், சீவிச் சீவிப் படியவைத்த முடி. "லேடீஸுக்கு பாடிகார்டு வேலையா? செஞ்சிரலாம் மச்சான்," என்றான் அவன்.

"செய்றோம் மேடம்," என்றான் டில்லிபாபு. "ஆனா எங்களுக்கு ஒரு தகரம் வேணும்."

"என்னது?"

"பின்னாடி செவுத்துல நல்லா கெட்டியா ஒரு தகரம். அடிச்சா பாரிஸ் வரைக்கும் கேக்கணும்."

நித்திலா வாய்விட்டுச் சிரித்தாள். சிரிக்கும்போதே அவளுக்கு வழி புலப்பட்டுவிட்டது. ஒரு முழ அகலத் தகரத்தை அவளே பின்சுவரில் திருகினாள். அதன் முதுகில் சிறிய அதிர்வு மோட்டார்கள். வண்டியின் முன்பக்கத்தில் பயம் என்றால் தகரத்தின் இடப்பக்கம் உதறும். நடுவில் என்றால் நடு. பின்னால் என்றால் வலம். சத்தம் வராது. தாளம் போடும் உள்ளங்கைக்கு மட்டும் தெரியும். பயம் இருக்கும்வரை உதறும். பயம் அடங்கினால் தகரமும் அடங்கும்.

*

மூன்றாம் நாள் உதறியது.

வண்டியின் நடுவில். அங்கே பர்வீன் என்ற முதலாமாண்டு மாணவி நின்றிருந்தாள். குமுதா அதட்டியதால் அன்றைக்குத்தான் துணியை எடுத்துவிட்டு வெறுங்கையால் கம்பியைப் பிடித்திருந்தாள்.

"எவன்டா அது எங்க ரூட்டுல!" என்று இருபது பேரும் பாய்ந்து வந்தார்கள். கூட்டம் இரண்டாகப் பிளந்தது. பர்வீனுக்கு அருகே நின்ற ஒருவரின் சட்டையைக் கிஷோர் பிடித்தான். இன்னொருவன் அறைந்தான். அவர் மூக்குக்கண்ணாடி தெறித்து விழுந்து யாருடைய காலடியிலோ நொறுங்கியது. அவர் ஒரு பள்ளிக்கூட எழுத்தர். இரண்டு கைகளிலும் விடைத்தாள் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு நின்றவர். உண்மையில் பர்வீனை உரசியவன் அடுத்த நிறுத்தத்தில் சாவகாசமாக இறங்கிப் போனான்.

அன்று மாலை பேருந்து நிழற்குடையில் உட்கார்ந்து, நித்திலா தன் கைக்கணினியை டில்லிபாபுவிடம் காட்டினாள்.

"இது பர்வீனோட கை. இங்க ஆரம்பிக்குது. அப்போ பயம் இவ்வளவு." ஒரு சின்ன மேடு. "இங்க பாரு." கோடு செங்குத்தாக ஏறி, திரையின் விளிம்பைத் தொட்டது. "இது நீங்க வந்தப்ப."

"நாங்க காப்பாத்த வந்தோம் மேடம்."

"கம்பிக்கு அது தெரியல."

அதோடு அவள் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவளுக்குள் இருபது வருடமாக எதுவோ இந்த நிமிடத்துக்காகக் காத்திருந்தது போலிருந்தது. பெண்கள் துணி சுற்றக் கற்றுக்கொள்வதற்கு முன்பு, கம்பி பொருத்திய முதல் மாதத்துப் பதிவை எடுத்தாள். முப்பது நாளின் காலைகள். ஒவ்வொரு காலையிலும் கோடு சமமாக வந்து, ஒரே இடத்தில் குபீரென்று ஏறியது.

"இது எந்த ஸ்டாப்பு?" என்றான்.

"காலை எட்டு மணி பத்து நிமிஷம். தண்டையார்பேட்டை."

அவன் கோட்டின் உச்சியில் விரலை வைத்தான். "மேடம், நாங்க யாரையும் தொட்டதில்ல."

"தெரியும்."

"பாட்டுதான் பாடுவோம்."

"தெரியும் டில்லி."

"அப்ப ஏன் கோடு ஏறுது?"

நித்திலாவுக்குப் பதில் தெரியும். பத்தொன்பது வயதில் இதே தடத்தில்தான் அவளும் போனாள். பையன்கள் ஏறும் நிறுத்தம் நெருங்கும்போது மூச்சை வயிற்றுக்குள் இழுத்துப் பிடிப்பாள். அப்படிச் செய்தால் அரை அங்குலம் ஒல்லியாகலாம். அந்த அரை அங்குலம் எவ்வளவோ விஷயங்களுக்குப் போதும். யாரும் தொடாத நாட்களிலும் அப்படித்தான் போனாள். எவன் தொடுவான், எவன் தொடமாட்டான் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருக்காதே. அதனால் எல்லாரிடமும் பயப்பட வேண்டியிருந்தது. இதை அவள் அம்மாவிடம் சொன்னதில்லை, கணவனிடமும் சொன்னதில்லை. மூன்று வருடம் உட்கார்ந்து ஒரு கம்பியிடம் சொன்னாள்.

இப்போது அதே தடத்துப் பையன் ஒருவனிடம் சொன்னாள். தன் கதை என்று சொல்லாமல், பொதுவாகச் சொல்வதுபோல். அவன் அவளைப் பார்க்காமலே கேட்டான்.

"இந்தப் பழைய கோட்டுல எது யாரோட கைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நல்லது," என்று எழுந்து போனான்.

மூன்று நாள் பின்னிருக்கையில் சத்தமே இல்லை. அந்த எழுத்தருக்கு யாரோ புதுக் கண்ணாடி வாங்கிக் கொடுத்ததாகக் குமுதா சொன்னாள். நான்காம் நாள் டில்லிபாபு நித்திலாவைத் தேடிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்து வந்தான். வழியெல்லாம் "கொஞ்சம் வழி விடுங்க" என்று கேட்டுக்கேட்டு வந்ததை அவள் கவனித்தாள்.

"யக்கா, நாங்க யாரையும் புடிக்கப் போறதில்ல. கத்தப் போறதில்ல. எந்திரிக்கவே போறதில்ல." மேடம் அக்காவாகியிருந்தது. "தகரம் உதறுனா அடிய நிறுத்திருவோம். அவ்ளோதான்."

"அதனால என்ன ஆகும்?"

"பாட்டு நட்டநடுவுல நின்னா பஸ்ஸே திரும்பிப் பாக்கும்க்கா. அந்த மாதிரி ஆளுக்கு சத்தம்தான் சௌரியம். சத்தம் நின்னுச்சின்னா கை எங்க கீதுன்னு அவனுக்கே தெரிஞ்சிரும்."

"தகரம் அடங்கற வரைக்கும்?"

"அடங்கற வரைக்கும் பாட்டு கெடையாது."

*

முதல்முறை அது நடந்தபோது நித்திலா முன்கதவருகே நின்றிருந்தாள்.

"பஸ்ஸு வருது பஸ்ஸு வருது பாரிஸ் போவுது, பாலம் தாண்டி பாத்துக்கினா கப்பல் தெரியுது" என்று கிஷோர் இழுத்துக்கொண்டிருந்தான். தகரம் அதிர அதிரத் தாளம். எதிர்வரி தொடங்கிய இடத்தில் கத்தியால் அறுத்ததுபோல் எல்லாம் நின்றது. தொண்ணூறு தலைகள் கைபேசியிலிருந்து நிமிர்ந்தன. பையன்கள் யாரையும் முறைக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு உள்ளங்கைகளைத் தகரத்தில் வைத்திருந்தார்கள், நாடி பார்க்கும் மருத்துவர்கள்போல. வண்டியின் நடுவே நீலச்சட்டைக்காரர் ஒருவர் தன் கையைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஓரடி தள்ளி நின்றார்.

எட்டு நொடி. பிறகு விட்ட இடத்திலிருந்து பாட்டு தொடங்கியது.

இரண்டே வாரத்தில் வண்டிக்கே பழகிவிட்டது. அமைதி விழுந்தால் என்ன அர்த்தம் என்று குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்தது. ஒருநாள் அமைதி கொஞ்சம் நீண்டுவிட, முன்னிருக்கைப் பெரியவர் ஒருவர் எரிச்சலோடு திரும்பி, "யாருய்யா அது, நல்ல பாட்டக் கெடுக்கறது?" என்றார்.

குமுதா நித்திலாவின் விலாவில் முழங்கையால் இடித்தாள். "கேட்டியா? யாரும்மான்னு கேக்கல. யாருய்யான்னு கேக்கறாரு."

அன்றைக்குக் கம்பியில் துணியில்லாத கைகள் பதினொன்று. மறுவாரம் முப்பது.

ஆனால் உண்மையான சோதனை முப்பத்தைந்தாம் நாள் வந்தது. அன்று கிஷோர் பாடிக்கொண்டே முன்னால் நகர்ந்து வந்தான். பர்வீனிடம் நின்றான். பாட்டுக்குள் ஒரு பெண்ணின் பெயரை வைத்தான். அது அவள் பெயருக்கு மிக அருகில் இருந்தது. நான்கைந்து பேர் சிரித்தார்கள். கிஷோருக்கு அது காதல். அவன் அதைப் பற்றி ஒரு நோட்டு முழுக்க எழுதியிருந்தான் என்று பின்னால் தெரிந்தது. பர்வீன் கம்பியைப் பிடித்தபடி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாளம் நின்றது.

தாளமில்லாமல் கிஷோரின் குரல் மட்டும் ஒரு வரி தூரம் ஓடி, தடுக்கி, நின்றது.

"அட்றா மச்சான்," என்றான் சிரித்தபடி.

"தகரம் அடங்கல," என்றான் டில்லிபாபு பின்னாலிருந்து.

கிஷோர் சுற்றும்முற்றும் பார்த்தான். "எவன்டா அது?" பர்வீனைச் சுற்றி ஓரடிக்கு வேறு யாருமே இல்லை. அவன் முகத்தில் சிரிப்பு மெதுவாக இறங்குவதை நித்திலா பார்த்தாள். "டேய், நான் பாட்டுதான்டா பாடுனேன்."

"தெரியும்டா."

"நீ என் ஃப்ரெண்டு தான?"

டில்லிபாபுவின் கை தகரத்தின்மேல் அசையாமல் இருந்தது. மற்ற பையன்கள் அவனையே பார்த்தார்கள். நண்பனை நாலு பேர் நடுவில் விட்டுக்கொடுப்பவன் தலையாக இருக்கமுடியாது. அது அவர்களுக்குள் எழுதாத சட்டம். ஒருமுறை, சும்மா ஒரே ஒருமுறை, அவன் தகரத்தைத் தட்டினால் போதும். எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

"அதனாலதான் சொல்றேன்," என்றான் டில்லிபாபு. "தள்ளி வந்து பாடு மச்சான். இன்னும் உதறிகினே கீது."

கிஷோர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டான். இறங்கும்போது கதவை உதைத்தான். இரண்டு வாரம் வரவில்லை. டில்லிபாபுவே பாடினான். அதைக் கேட்டு, "தம்பி, நீ தகரத்தையே அடி, அதுதான் எங்களுக்கு நல்லது," என்று குமுதா கும்பிட்டாள். பதினைந்தாம் நாள் கிஷோர் வந்தான். யாரிடமும் பேசாமல் பின்னால் போய் உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பாடினான். டில்லிபாபு தாளத்தைப் பிடித்துக்கொண்டான்.

*

அறுபதாம் நாள் கோதண்டராமன் அறிக்கையை மூடிவைத்தார்.

"முதல் வாரம் பதினொரு தடவை பயம் பதிவாயிருக்கு. ஏழாவது வாரம் அறுபத்துநாலு. ஆறு மடங்கு கூடியிருக்கேம்மா!"

"கம்பியைத் தொட்ட பெண்கள் கை எத்தனைன்னு அடுத்த பக்கத்துல இருக்கு சார். ஏழு. ஏழாவது வாரம் எழுபத்திரண்டு. பயம் புதுசா வரல. இத்தனை நாள் துணிக்கடியில இருந்தது இப்பதான் வெளிய வருது. நம்மகிட்ட சொன்னா அடி சொன்னவங்க மேலயே விழாதுன்னு நம்பி வருது."

"எனக்குப் புரியுது. மேலிடத்துக்கு ஒரே ஒரு எண்தான் புரியும்." அவர் தயங்கினார். "இன்னொண்ணும் சொல்லணும். நீங்க அறிக்கை எழுத உட்கார்ந்த உடனே அந்த வண்டியோட இணைப்பைத் துண்டிச்சிட்டாங்க. ஒன்பது நாளாச்சு. கம்பி இப்போ வெறும் கம்பி. தகரம் வெறும் தகரம். நாளைக்குக் கூட்டத்துல பழைய முறைக்கே திரும்பறதா முடிவு எடுப்பாங்க."

ஒன்பது நாளாக அவள் வீட்டைவிட்டு நகராமல் எழுதிக்கொண்டிருந்தாள். ஒன்பது நாளாகத் தகரம் உதறவேயில்லை. வெறுங்கையால் கம்பியைப் பிடிக்கலாம் என்று அவள்தான் அந்தப் பெண்களுக்கு வாக்குக் கொடுத்தவள்.

"என்னோட வாங்க சார். நான் அவங்ககிட்ட நேர்ல சொல்லணும். நீங்களும் பக்கத்துல இருங்க."

மாலை ஐந்தேகால் வண்டி. பாரிமுனையில் ஏறினார்கள். மூச்சுவிட இடமில்லை. பின்னிருக்கையில் பாட்டு ஏற்கெனவே களைகட்டியிருந்தது. கோதண்டராமனைக் கூட்டம் ஒரு பக்கம் அள்ளிக்கொண்டு போனது, அவளை இன்னொரு பக்கம். குமுதாவின் தலை தெரிந்தது. பர்வீனின் தோள் தெரிந்தது. நித்திலா கம்பியைப் பற்றினாள். கை துணியைத் தேடவில்லை. அவளுக்கு இருபுறமும் கம்பி நெடுகப் பெண்களின் வெறுங்கைகள். மருதாணிக் கை, ஊசி குத்திக் குத்திக் காய்த்த கை, பேனா மை படிந்த கை. ஒன்றும் தெரியாத கம்பியை இவ்வளவு நம்பிக்கையோடு பிடித்திருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டாள். எப்படிச் சொல்வது? எந்த வார்த்தையில் தொடங்குவது? 'உங்களை ஏமாற்றிவிட்டேன்' என்றா?

வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே இருந்ததில், பின்னால் நின்றவர் வண்டி குலுங்காதபோதும் தன்மேல் சாய்ந்துகொண்டிருந்ததை அவள் மனம் கவனிக்கவில்லை. உடம்பு கவனித்தது. கைப்பை தானாகப் பின்பக்கம் நகர்ந்தது. மூச்சு வயிற்றுக்குள் போய் நின்றது. அரை அங்குலம்.

பாட்டு நின்றது.

ஐயோ, யாருக்கோ, என்று பதறிப்போய்த் திரும்பினாள். பர்வீனைப் பார்த்தாள். பர்வீன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குமுதாவைத் தேடினாள். குமுதாவும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டியின் தொண்ணூறு பேரும் அவரவர் இடத்தில் அசையாமல் நின்றார்கள், எதையோ பொறுமையாக எதிர்பார்ப்பவர்கள்போல. தகரம் செத்து ஒன்பது நாளாயிற்றே, பிறகெப்படி என்று அவளுக்குக் குழம்பியது.

"ஒனக்குத்தாம்மா," என்றாள் குமுதா.

அவளுக்குப் பின்னால் ஒரு செருமல் கேட்டது. "ஸ்டாப்பு வந்துருச்சா?" என்று யாரையோ கேட்டபடி அந்த மனிதர் விலகிக் கதவுப் பக்கம் போனார். யாரும் அவரை ஒன்றும் செய்யவில்லை. வழிமட்டும் விட்டார்கள், தாராளமாக. முதுகுக்குப் பின்னால் காற்று வந்தது. நித்திலா மூச்சை விட்டாள். எத்தனை வருடத்து மூச்சு என்று தெரியவில்லை. விட விட வந்துகொண்டே இருந்தது.

டம்மென்று தகரம் அதிர்ந்தது. விட்ட வரியிலிருந்து கிஷோர் எடுத்தான்.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்னால் போனாள். கோதண்டராமனும் எப்படியோ அங்கே வந்து சேர்ந்திருந்தார். அவர் முகத்தில் வியர்வை வழிந்தது.

"டில்லி, இந்தத் தகரம்..."

"உதறி ஒன்பது நாளாச்சுக்கா. ரிப்பேருன்னு நெனச்சோம். நீங்க வந்தா சொல்லலாம்னு கீறோம்."

"அப்போ இந்த ஒன்பது நாள்?"

"மொத மூணு நாள்ல ரெண்டு வாட்டி நிறுத்துனோம். அப்பறம் ஆறு நாளு நிறுத்தவே இல்ல. தண்டையார்பேட்டைலேர்ந்து பாரிஸ், பாரிஸ்லேர்ந்து தண்டையார்பேட்டை, ஒரே பாட்டு! பக்கத்து ரூட்டு பசங்க நிறுத்தாம நாலு நாளுதான் தாண்டிகீறானுங்க. அவனுங்களும் பழைய எண்ணெ டின்னு ஒண்ணு தூக்கினு வந்து அடிக்கறானுங்க, நம்மளப் பாத்து. இன்னிக்கு உங்களால எங்க ரெக்கார்டு பூடுச்சு."

"நிறுத்தாமலே பாடியிருக்கலாமே," என்றார் கோதண்டராமன். "தகரம்தான் வேலை செய்யலையே. யாருக்குத் தெரியப்போகுது?"

டில்லிபாபு அவரை யாரென்று தெரியாமல் ஏற இறங்கப் பார்த்தான். "இன்னா சார் பேசறீங்கோ? அக்கா மூச்சப் புடிச்சிகினு நிக்குது. எல்லாருக்கும் தெரியுது."

நித்திலா குறுக்கிட்டாள். "அது எப்படித் தெரிஞ்சது உனக்கு? அவ்வளவு தூரத்திலேர்ந்து?"

"மூஞ்சியப் பாத்தா தெரியாதாக்கா?"

"முகம் முன்னாடியும் அங்கதானே இருந்தது?"

அவன் தகரத்தை விரலால் வருடினான். "முன்னாடி பாக்கல," என்றான்.

கோதண்டராமன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதை மடித்து வைத்தார். பிறகு எடுத்து மறுபடி துடைத்தார். "நாளைக்குக் கூட்டத்தை மாடியில வச்சுக்க வேண்டாம்மா," என்றார். "எல்லாரையும் எட்டு பத்துக்குத் தண்டையார்பேட்டைக்கு வரச் சொல்லிடறேன். இடமில்லன்னா நின்னுட்டு வரட்டும். எண் எதுவும் எடுத்துட்டு வராதீங்க."

"எத்தினி பேரு சார்?" என்று முன்னாலிருந்து குமுதா குரல் கொடுத்தாள். "ஆம்பளைங்கன்னா கைய பாக்கெட்டுல வச்சிகினு வரச் சொல்லுங்கோ. எங்க பசங்க பாட்ட நிறுத்திடப் போறானுங்க!"

வண்டியே சிரித்தது. பர்வீன்கூடச் சிரித்தாள். டில்லிபாபு இரண்டு உள்ளங்கைகளையும் உரசிச் சூடேற்றிக்கொண்டான்.

"ஒண்ணுலேர்ந்து ஆரம்பிங்கடா," என்றான். "இன்னிக்கு மொத நாளு."

நித்திலா மேலே கையை உயர்த்திக் கம்பியைப் பிடித்தாள். சற்றுமுன் வேறு யாரோ பிடித்துவிட்டுப் போன இடம். இன்னும் கொஞ்சம் சூடாக இருந்தது.